‘ஃபைனலி’ முதலில் எரிந்தது

மனித நாகரிகம் தீயைக் கண்டுபிடித்தபோது தொடங்கவில்லை. ‘ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், தென், ஃபைனலி’ என்ற நான்கு சொற்களைக் கண்டுபிடித்தபோதுதான் தொடங்கியது. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில், ஒரு கைப்பேசிக் கடையின் மாடியில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் லோகேஸ்வரனின் அசைக்க முடியாத கொள்கை அது. இலக்கணம் பிறகு வரும், வராமலும் போகலாம். வரிசை மட்டும் தவறக் கூடாது.

அன்று ‘செயல்முறை விளக்கம்’. மேசைமேல் சிறிய கேஸ் அடுப்பை மூட்டி, மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் செய்வதை வரிசைப்படி சொல்லிக்கொடுத்தார். நான்கு சொற்களும் பெரிய அட்டைகளாகக் கயிற்றில் தொங்கின. வாணலியை ஏற்றியவர், அடுப்புக்கு முதுகைக் காட்டி வெள்ளைப் பலகையில் எழுதத் தொடங்கினார். மின்விசிறிக் காற்றில் கழன்ற ‘ஃபைனலி’, எந்த ஒழுங்கும் பாராமல் முதல் ஆளாக அடுப்போரம் விழுந்து பற்றிக்கொண்டது.

“சார், ஃபயர்!” என்று அலறினார் காதர் பீவி. பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். சிங்கப்பூர் வாடிக்கையாளர்களிடம் இங்கிலீஷ் பேச ஆசைப்பட்டு வகுப்பில் சேர்ந்தவர்.

லோகேஸ்வரன் திரும்பவில்லை. மனம் நொந்துபோனார். இவ்வளவு பாடுபட்டும் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்களே!

“அக்கா, ஃபயர் அப்புறம். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சி? ஃபர்ஸ்ட்லேருந்து சொல்லுங்க.”

“அலமாக்! திரைச்சீலை எரியுது சார்!”

“நோ தமிழ், ப்ளீஸ்.”

சிங்கப்பூர் வேலைக்காகப் படிக்க வந்த அர்ச்சுனன் எழுந்து நின்றான். “சார், ஓடலாமா?”

“ஓடறது நெக்ஸ்ட்டா, தென்னா? முடிவு பண்ணிட்டு ஓடுங்க லா.”

புகை பலகையை மறைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும், வகுப்பிலேயே முதல் ஆளாகப் படியிறங்கினார். அடுப்பை அணைத்து, மற்றவர்களைக் கீழே தள்ளிக்கொண்டு வந்தவர் காதர் பீவி. தீயணைப்புப் படையான போம்பாவுக்கு ஃபோன் செய்தவன் அர்ச்சுனன். தீயணைப்பு வண்டி வருவதற்குள் வகுப்பறை கரிக்கட்டை ஆகியிருந்தது.

“வாட் ஹேப்பண்ட்?” என்று அதிகாரி லோகேஸ்வரனைக் கேட்டார்.

“கர்ட்டன்... நோ, மீ... ஃபேன்... ஐ...” நாக்கு குழறியது.

“நீங்க தண்ணி குடிங்க சார், நான் சொல்றேன்,” என்று காதர் பீவி முன்னால் வந்தார். முகத்தில் படிந்த கரியைத் துடைத்தார். அதிகாரியை நேராகப் பார்த்தார்.

“ஃபர்ஸ்ட், சார் ஆன் த ஸ்டவ். நெக்ஸ்ட், சார் நோ லுக். தென், ஐ ஷவுட், சார் சே வெயிட். ஃபைனலி, சார் ரன்.”

அதிகாரி ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதிக்கொண்டார். லோகேஸ்வரனின் பயிற்சிமுறை மகத்தான வெற்றி பெற்றுவிட்டது. அவர்மீது வழக்குப் பதிய வேறு சாட்சியே தேவைப்படவில்லை.