பழுப்பு, நடுத்தரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும் சம்பந்தியம்மாவின் முழங்கால் நலத்தையும் விசாரித்துக்கொண்டு எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, இன்றோ நாளையோ என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தாயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இல்லாதவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான். போனில் பேசியிருக்கலாம், ஆனால் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாப்பிள்ளையின் காதில் விழுகிறது. பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய அப்பாவிடமே புகார் சொல்வது அழகில்லை என்று எனக்கும் தெரியும். "எழுதுங்க, மனசு ஆறும். ஆனா தபால்ல மட்டும் போட்டுடாதீங்க" என்கிறாள் என் மனைவி. நான் போடத்தான் போகிறேன்.

என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை மருந்து டப்பாக்களின் லேபிளைச் சரிபார்த்தவன். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் வெளியே எழுதியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம். ஓர் இருமல் மருந்தின் மேல் 'அற்புத' என்று ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டதற்காக முழு லாரியையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கம்பெனிக்காரர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவனை மகள் பிரசவத்துக்கென்று கொண்டுவந்து எந்த வீட்டில் தங்க வைத்திருக்கிறது பாருங்கள் விதி!

மாப்பிள்ளை மீன்தொட்டி வியாபாரம் செய்கிறார் என்று நிச்சயத்தின்போது சொன்னீர்கள். தொட்டி இருக்கிறது. மீனைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி, அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி, அத்தனையின் மேலும் நீல விளக்கு. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் என் வெள்ளைச் சட்டை பேய் மாதிரி ஒளிர்கிறது. சிரித்தால் பல் ஒளிர்கிறது, அதனால் சிரிப்பதையும் விட்டுவிட்டேன். தொட்டிக்குள் வரிசை வரிசையாகக் கல் வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலும் பசை போட்டு ஒட்டிய, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பவளம். உயிருள்ள பவளம். அது வளர்ந்து கொத்தாகும், கொத்தை வெட்டித் துண்டாக்கி விற்பார், துண்டு மறுபடி கொத்தாகும். இதுவரை எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு லேபிள் இருந்தது. லேபிளைக் கண்டால் என் கை தானாகவே மூக்குக் கண்ணாடியைத் தேடும். தேடியது. படித்தேன். 'எரிமலை வாந்தி.' அடுத்தது 'அணுகுண்டு அன்னாசி.' அதற்கு அடுத்தது 'கடவுளின் கொட்டாவி.' பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் நெசமான பேருன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"இருக்கு மாமா. ஆனா அந்தப் பேர்ல பார்த்தா எல்லாமே ஒண்ணுதான். நாம பேர் வச்சாத்தான் தனித்தனி."

"நாமன்னா யாரு?"

"யார் மொதல்ல வளர்த்து, மொதல்ல வெட்டிக் குடுக்கிறாங்களோ அவங்க. அதுக்கப்புறம் அதோட பிள்ளை, பேரப்பிள்ளை எந்த ஊர் தொட்டிக்குப் போனாலும் அதே பேர்தான். மாத்திச் சொன்னா வெட்டுக்குத்து ஆயிடும் மாமா."

அவர் உள்ளே போனதும் சாதாரண ட்யூப் லைட்டைப் போட்டேன். சம்பந்தி, என்னத்தைச் சொல்வேன்! எரிமலையும் போச்சு, அணுகுண்டும் போச்சு. அத்தனையும் பழைய துடைப்பக்கட்டையின் நிறம். நீல வெளிச்சத்தில் மட்டும்தான் அந்த ஜொலிப்பு. ஜொலிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பெயர். என் ஆபீஸில் இப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் லாரியையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பேன்.

இதோடு போனதா? ஓரத்தில் தனித் தொட்டி ஒன்று. அதில் ஒரு பவளம், நம் நிழல் பட்டாலே போதும், விறைத்துக்கொண்டு மூடிக்கொள்கிறது. அதற்குப் பெயர் 'மாமனார் முறைப்பு.' என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டுக் கூடம்தானே கடை, அதில் அதுதான் அதிகம் போகிற சரக்காம். நான் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்போதே வாடிக்கையாளர்கள் வந்து, "மாமனார் முறைப்பு புதுசா வெட்டினீங்களா?" என்று கேட்கிறார்கள். தங்களையும் விட்டுவைக்கவில்லை. கல் போலக் கிடந்து, எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து, யாராவது கவனிப்பதற்குள் மூடிக்கொள்கிற ஒன்றுக்கு 'அப்பாவின் மௌனம்' என்று எழுதியிருக்கிறது. கோள் சொல்வதற்காக எழுதவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் மகளும் மாப்பிள்ளையும் ஸ்கேன் எடுக்கப் போன சமயம், ஒரு தொட்டியின் லேபிள்களை முழுவதும் உரித்தேன். ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பார்த்து, என் குண்டு எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினேன். 'பழுப்பு, நடுத்தரம்.' 'பழுப்பு, நடுத்தரம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை.' 'சாம்பல், சிறியது, சோர்வாக உள்ளது.' இந்த வீட்டுக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயங்காலம் ஒரு பல் டாக்டர் வந்தார். பவளம் வளர்க்கிற இவர்கள் கூட்டத்தில் பெரிய தலையாம். மாப்பிள்ளை அப்போதுதான் லேபிள்களைப் பார்த்தார். முகம் வெளுத்ததா என்று சொல்ல முடியாது, அந்த வெளிச்சத்தில் எல்லாருடைய முகமும் நீலம்தான். பல் டாக்டர் குந்தி உட்கார்ந்து, "பழுப்பு... நடுத்தரம்" என்று வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது யாரோட வம்சம்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மாமா... மாமாவோடது."

"அதானே பார்த்தேன்! ஊர்ல எல்லாரும் எரிமலை, டிராகன்னு கத்திட்டு இருக்கானுங்க. இவர் பாருங்க, 'நடுத்தரம்'னு வச்சிருக்காரு! என்னா ஒரு திமிர்! ஐயா, கையக் குடுங்க."

அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனார். 'சோர்வாக உள்ளது'தான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். ஐயா, உண்மையைத்தான் எழுதினேன், அது பெயரே இல்லை என்று வாசல்வரை ஓடிப்போய்ச் சொன்னேன். "இந்தத் தன்னடக்கம்தான் ஐயா உங்க பிராண்டு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அதிலிருந்து ஓயாமல் போன். நடுத்தரம் இருக்கா, நடுத்தரம் எப்ப வெட்டுவீங்க? நேற்று ஒருவர் வேறு கடையில் வாங்கின துண்டை டப்பாவில் கொண்டுவந்து, அது அசல் நடுத்தரமா போலி நடுத்தரமா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். காலமெல்லாம் பொய் லேபிளைப் பிடித்தவன் எழுதின உண்மை லேபிளுக்குப் போலி வந்துவிட்டது சம்பந்தி! இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது என் மகள், "குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம்ங்க?" என்று கேட்டாள். உங்கள் பிள்ளை நிதானமாகச் சொல்கிறார்: "பொறக்கட்டும். வெளிச்சத்துல பார்த்துட்டு வைக்கலாம்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எந்த வெளிச்சத்தில்? இவர்கள் சட்டப்படி முதலில் வளர்க்கிறவருக்குத்தானே பெயர் வைக்கும் உரிமை! அந்தப் பெயர்தானே பிள்ளை, பேரப்பிள்ளைவரைக்கும் தொடரும்! நம் பேரக் குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா? டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து 'அணுகுண்டு அன்னாசி' என்று கூப்பிட, அது எழுந்து நின்று 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இது எங்களுக்கு முதல் பேரக் குழந்தை. எந்த ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும் தலை குனியாமல் சொல்லிக்கொள்ள அதற்கு ஒரு பெயர் வேண்டும். சின்னதாக, சுத்தமாக, உள்ளதை உள்ளபடி சொல்கிற பெயர். என் பேச்சு இங்கே எடுபடாது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பிள்ளை தட்டமாட்டார். இதைக் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். இந்த ஒருமுறையாவது தங்கள் மௌனத்தைக் கலையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். முழங்காலுக்குத் தடவும் தைலத்தின் லேபிளை ஒருதரம் நன்றாகப் படிக்கச் சொல்லவும். வீட்டில் சின்னவர்களுக்கெல்லாம் என் ஆசிகள், எல்லாரும் நீண்ட ஆயுளோடும் சுருக்கமான பெயரோடும் வாழட்டும்.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகளுக்கு வலி எடுத்து, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி, சுகப்பிரசவம். பெண் குழந்தை! தாயும் சேயும் நலம். குழந்தைக்கு மறுநாள் லேசாக மஞ்சள் காமாலை தட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்று சொல்லி விளக்குக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறார்கள். நீல விளக்கு, சம்பந்தி. அதே நீலம். கண்ணில் சின்னதாக ஒரு துணிக்கட்டோடு படுத்துக்கொண்டு, ஐந்து விரலையும் மெதுவாக விரித்து, என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து, "எடை, நீளம் எல்லாம் நடுத்தரம்தான் ஐயா, ஒண்ணும் கவலையில்ல" என்றார். "யாரைப் பார்த்தும்மா நடுத்தரம்ங்கறீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். அட்டையில் எழுதப் பெயர் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, 'ஏழு கடலும் விழுங்கிய நிலாவின் நீலநெருப்பு மகாராணி' என்று சொன்னேன். அட்டையில் இடம் போதவில்லை. உங்கள் பிள்ளை என் தோளைத் தொட்டு, "மாமா, வேணாம். ரெண்டெழுத்துல சாதாரணமா ஏதாவது வைக்கலாம்" என்கிறார். மனுஷனுக்கு ரசனையே இல்லை. ஆகவே உடனே புறப்பட்டு வந்து, என் பக்கம் நின்று, அவருக்குப் புத்தி சொல்லவும். விளக்கை அணைத்த நேரத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டேன். லேபிள் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதுதான் வெளியே எழுதியிருக்கிறது.