பதவிக்கேற்ற கோப்பை

ஓர் அலுவலகத்தில் யார் எந்தப் பாத்திரத்தில் டீ குடிக்க வேண்டும் என்பதை அரசாங்கம் நெடுங்காலமாக முடிவு செய்யாமலே வைத்திருந்தது. இந்தக் குறையை நிவர்த்தி செய்த பெருமை ராஜஸ்ரீ மேடத்தையே சேரும்.

புனேயில், கோர்படி ரயில்வே காலனியைத் தாண்டியதும் மேற்கு மண்டல உபகரணப் பராமரிப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அங்கே எந்த உபகரணமும் கிடையாது. எங்கெங்கோ இருக்கும் உபகரணங்கள் நலமாக இருக்கின்றனவா என்று விசாரித்துக் கடிதம் எழுதுவதே அதன் வேலை. அங்கே பொதுப் பிரிவில் ஜம்புநாதன் பல வருஷங்களாகக் குமாஸ்தா. நாற்காலி, மின்விசிறி, பினாயில், டீ இவையெல்லாம் அவர் பொறுப்பு. திருச்சியிலிருந்து வந்து புனேயிலேயே பாதித் தலை நரைத்தவர். வெங்காயத்தைக் காந்தா என்றும், காய்கறியைப் பாஜி என்றும் சொல்லுமளவுக்கு ஊரோடு ஒட்டிவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் ராஜஸ்ரீ மேடம் இயக்குநராக வந்தார். அதற்கு முன் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் 'பணியிட அழகியல்' என்ற பயிற்சியை முடித்திருந்தார். அந்த வருஷங்களில் புனேயின் படித்த வர்க்கத்துக்கு மண்பாண்டப் பித்து பிடித்திருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாக ஒரு கிண்ணத்தைக் காட்டுவார்கள். கோணலுக்கேற்ப விலை. மேடமும் ஞாயிறுதோறும் களிமண் பிசைந்து வந்தார். அப்பேர்ப்பட்டவர் தம் ஊழியர்கள் கண்ணாடி கிளாஸில் கட்டிங் சாய் என்ற பாதி டீயைக் குடிப்பதைக் கண்டதும் மனம் நொந்துபோனார்.

"மண்ணின் ஸ்பரிசம் இல்லாத இடத்தில் மனிதன் எப்படி மலர்வான், ஜம்புநாதன்?" என்று கேட்டார்.

ஜம்புநாதனுக்கு மலர்கிற உத்தேசம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் "முடியாதுதான், மேடம்" என்றார்.

கையால் செய்து, கையால் வர்ணம் தீட்டிய பீங்கான் கோப்பைகள் வந்து இறங்கின. கூடவே சுற்றறிக்கையும் வந்தது. பியூன் முதலான கடைநிலை ஊழியர்களுக்கு வர்ணமில்லாத வெள்ளைக் கோப்பை. குமாஸ்தாக்களுக்கு மஞ்சள். கண்காணிப்பாளர்களுக்கு ஆரஞ்சு. அதிகாரிகளுக்கு ரத்தச் சிவப்பு. பதவி ஏற ஏறப் பளபளப்பும் ஏறியது. ஆரோக்கியத்தை உத்தேசித்து, பால் டீ நிறுத்தப்பட்டு எலுமிச்சை டீ ஏற்பாடாயிற்று.

அந்த வருஷமே ஜம்புநாதனுக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வந்தது. சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஆரஞ்சுக் கோப்பை வந்தது. முதல் நாள் அதை இரண்டு கையாலும் ஏந்தி, ஜன்னலோரமாக நின்று, நாலு பேர் பார்க்கக் குடித்தார். பழைய மஞ்சள் கோப்பையை ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் அவர் மனைவி தர்மாம்பாள் ஞாபகார்த்தங்களைச் சும்மா வைக்கிறவள் அல்ல. மறுநாள் ரசத்துக்கு அதில் புளியை ஊறப்போட்டாள். அப்புறம் மறந்தும் போனாள். நினைவு வந்து எடுத்துக் கழுவினால், கோப்பையின் உட்புறம் பளபளப்பு போய், சொறி பிடித்தாற்போல் இருந்தது.

"ஏன்னா, உங்க ஆபீஸ் கோப்பை பல்லை இளிக்கறதே" என்றாள்.

மகள் ஹர்ஷா கல்லூரியில் ரசாயனம் படிக்கிறவள். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லி எல்லா நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு கல்லூரிச் சோதனைச் சாலைக்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"அப்பா, இதோட பாலிஷ்ல விஷம் இருக்கு. சூடா, புளிப்பா எதை ஊத்தினாலும் அதுல இறங்கிடும். தமிழ்ல அது என்னது... சீஸா."

"சீசாவா? இது கோப்பைடீ" என்றாள் தர்மாம்பாள்.

"ஐயோ அம்மா, ஹிந்தி சீஸா. லெட். முன்னெல்லாம் பெட்ரோல்ல போடுவாளே, அது."

"ஈயம்கறா" என்றார் ஜம்புநாதன்.

"ஈயமா? நம்மாத்துல ரசம் வெக்கறதே ஈயச்சொம்புலதானே?"

"அது வெள்ளீயம். இது காரீயம். அது ரசத்துக்கு வாசனை குடுக்கும். இது ஆளையே ரசம் வெச்சுடும்" என்று விளக்கினார் ஜம்புநாதன். சொன்ன பிறகுதான் தாம் மாதக்கணக்கில் எலுமிச்சை டீ குடித்தது நினைவுக்கு வந்து, வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"வெள்ளைக் கப்ல மட்டும் ஒண்ணுமே இல்லப்பா. மஞ்சள்ல இருக்கு, ஆரஞ்சுல நிறைய, சிவப்புல ரொம்ப. பெரியவாளைவிடக் குழந்தைகளுக்கும், வயித்துல குழந்தை இருக்கறவாளுக்கும்தான் ரொம்ப மோசம்" என்றாள் ஹர்ஷா.

மறுநாள் ஜம்புநாதன் இயக்குநரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ராஜஸ்ரீ மேடம் தம் சிவப்புக் கோப்பையிலிருந்து ஒரு வாய் பருகிவிட்டு, "எந்த நிறத்தில் அதிகம் என்றீர்கள்?" என்று கேட்டார்.

"சிவப்பில், மேடம்."

"கடைநிலை ஊழியர்களுக்கு?"

"அறவே இல்லை."

"பதவி வரிசை சரியாகத்தானே இருக்கிறது?" என்றார் மேடம். "இருந்தாலும் ஒரு குழு போடுவோம்."

குழுவில் கணக்கு அதிகாரி ஸ்ரீநிவாசனும் இருந்தார். கும்பகோணத்துக்காரர். சிவப்புக் கோப்பை பெற்றவர். தமிழர் ஒருவர் கிளப்பிய விஷயத்தில் இன்னொரு தமிழரே சாட்சி சொன்னால் பட்சபாதம் இராது என்று அவரிடம் நிபுணர் கருத்து கேட்கப்பட்டது.

"எங்கள் ஊரில் இதற்கு ஈயம் என்று பெயர். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ரசம் ஈயச்சொம்பில்தான். என் தகப்பனாருக்கு எண்பது வயது. இன்னும் பேப்பர் படிக்கிறார்" என்றார் ஸ்ரீநிவாசன்.

"சார், அது வெள்ளீயம். இது காரீயம்" என்றார் ஜம்புநாதன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளை, கறுப்பு என்று பேதம் பார்ப்பது அரசு ஊழியருக்கு அழகல்ல, ஜம்புநாதன்."

ஈயமானது தென்னாட்டு மக்களின் பாரம்பரிய உணவு என்பது ஐயம் திரிபற நிரூபணமாகியிருப்பதால், கோப்பைகள் தொடரலாம் என்று குழு தீர்மானித்தது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதை ஜம்புநாதனுக்குத் தெரியும். ஈயத்துக்காகக் குழு கூடி வக்காலத்து வாங்கியதை அன்றுதான் பார்த்தார்.

போகட்டும் என்று விட்டிருப்பார். ஆனால் அவர் பிரிவில் அமலா என்ற பெண் இருந்தாள். கிர்க்கியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். தலைப்பிரசவத்துக்கு இன்னும் சில மாதங்கள். வாந்திக்கு இதமாக இருக்கிறதென்று மஞ்சள் கோப்பையில் தினமும் இரண்டு தரம் எலுமிச்சை டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹர்ஷா கடைசியாகச் சொன்னது ஜம்புநாதன் காதில் கேட்டது.

அவளுக்கு வெள்ளைக் கோப்பை கொடுக்கலாமா என்று நிர்வாகப் பிரிவைக் கேட்டார். விதியில் இடமில்லை என்றார்கள். குமாஸ்தா வெள்ளைக் கோப்பையில் குடிக்க வேண்டுமானால் அது தண்டனையாக மட்டுமே இருக்க முடியும். தண்டனைக்குக் குற்றம் வேண்டும். 'அரசுக் கோப்பையை உடைத்தல்' என்று ஒரு குற்றம் தயாராக இருந்தது.

ஜம்புநாதன் அமலாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். "அம்மா, உன் கோப்பையைக் கொஞ்சம் கீழே போட்டு உடைச்சுடேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன் சார்? பரீட்சை எழுதித்தானே மஞ்சளுக்கு வந்தேன்?"

ஹர்ஷா சொன்னதை அவர் விவரமாகச் சொன்னார். அமலா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு உள்ளே போனாள். மஞ்சள் கோப்பை தரையில் விழும் சத்தம் கேட்டது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜம்புநாதன் தம் ஆரஞ்சுக் கோப்பையையும் நழுவவிட்டார். கை கொஞ்சம் தயங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

இருவருக்கும் மெமோ வந்தது. வெள்ளைக் கோப்பை விதிக்கப்பட்டது. அமலா அதில் நிம்மதியாகக் குடித்தாள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அமலா தோழிகளிடம் சொன்னாள். அவர்கள் பக்கத்து மேஜைக்காரர்களிடம் சொன்னார்கள். அலுவலகத்தில் திடீரென்று எல்லோருக்கும் கை நடுக்கம் கண்டது. கோப்பைகள் மேஜையிலிருந்து விழுந்தன, மாடிப்படியில் விழுந்தன, தும்மலில் விழுந்தன. ஸ்ரீநிவாசன் தம் சிவப்புக் கோப்பையை எல்லோருக்கும் முன்பாகச் சுவரில் மோதி உடைத்துவிட்டு, "கால் தடுக்கிவிட்டது" என்றார். ஈயச்சொம்புச் சாட்சியத்தைப் பற்றி ஜம்புநாதன் கேட்டதற்கு, "அது நிபுணர் கருத்து, ஓய். உடம்பு வேற" என்றார்.

சீக்கிரத்தில் அதிகாரிகள் எல்லோரும் வெள்ளைக்கு வந்துவிட்டார்கள். ராஜஸ்ரீ மேடம் ஒருவர்தான் சிவப்பில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார். தமக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தெரிந்தது தமக்குத் தெரியவில்லை என்பதை எந்த இயக்குநரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே புதிய சுற்றறிக்கை பிறந்தது. வெண்மை என்பது தூய நிர்வாகத்தின் சின்னம். எனவே இனி வெள்ளைக் கோப்பை குமாஸ்தா முதல் இயக்குநர் வரை உள்ளவர்களுக்கு மட்டும். கடைநிலை ஊழியர்களின் நெடுநாள் ஏக்கத்தைக் கருணையோடு பரிசீலித்து, கிடங்கில் மிஞ்சியுள்ள சிவப்புக் கோப்பைகள் அவர்களுக்கு வழங்கப்படும்.

தொழிற்சங்கம் இதைத் தன் போராட்டத்தின் வெற்றி என்று அறிவித்து, பேடா கொடுத்தது.

டீ கொண்டுவரும் நீலாபாய் ஏரவாடாவில் குடியிருப்பவள். அன்று சாயங்காலம் சிவப்புக் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜம்புநாதனிடம் வந்து நின்றாள். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமாம் சார். என் சின்னப் பொண்ணு நிறத்தைப் பார்த்துட்டா தயிரெல்லாம் சமர்த்தா சாப்பிட்டுடும்."

"வேண்டாம் நீலாபாய். அதில் விஷம் இருக்கு" என்றார் ஜம்புநாதன்.

அவள் சிரித்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "இத்தனை நாள் சாஹேப் எல்லாரும் குடிச்சீங்க. அப்பல்லாம் இல்லாத விஷம், எங்க கைக்கு வந்ததும் வந்துடுச்சா?"

வாய் திறப்பதற்குள் ஜம்புநாதனின் கை முந்திக்கொண்டது. கோப்பையைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

சங்கம் கொதித்தது. கடைநிலை ஊழியரின் முன்னேற்றம் பொறாத மேல்நிலை ஊழியர் என்று வாசலில் அவருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள். அவர் சொன்ன விளக்கத்தை, குழுவின் பழைய தீர்மானத்தைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். கடைசியில் நீலாபாய்க்கு நஷ்டஈடாக, சிவப்புக் கோப்பைகள் அடங்கிய குடும்ப செட் ஒன்றை ஜம்புநாதனே தம் கையால் வழங்கி, எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அவர் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தர்மாம்பாள் முழுக்கதையையும் கேட்டாள். "சொல்லிப் புரியவெக்க முடியாது. துளசிபாக் கடைத்தெருவுக்கு வாங்கோ" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாத்திரக் கடையில் பேரம் பேசி, மயில் பொறித்த எவர்சில்வர் டம்ளரும் கிண்ணமுமாக ஒரு செட் வாங்கினாள். ஒவ்வொன்றிலும் நீலாபாயின் பெண் பேரைப் பொறிக்கச் சொன்னாள்.

விழா நடந்தது. மேடம் மண்ணின் ஸ்பரிசத்தைப் பற்றிப் பேசினார். ஜம்புநாதன் வருத்தம் தெரிவித்தார். சிவப்பு செட்டையும் அதன் மேலேயே எவர்சில்வர் பொட்டலத்தையும் கொடுத்தார். நீலாபாய் பிரித்துப் பார்த்தாள். மகளின் பேரை விரலால் தடவினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எதுக்கு சார் இவ்வளவு? அன்னிக்கே நான் மனசுல வெச்சுக்கல."

"குழந்தை தினமும் இதிலேயே சாப்பிடட்டும்."

"இதிலேதான் சாப்பிடும். பேர் போட்டதை விடுமா?" என்றவள் சிவப்பு செட்டை ஜாக்கிரதையாக மூடினாள். "இது ரொம்ப ஒசத்தி. இதைக் குழந்தைங்க கையில கொடுக்கறதா? விருந்தாளி வந்தா மட்டும்தான் எடுப்பேன்."

ஜம்புநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தை பிழைத்தது என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் உங்க வீட்டு பாபியும் எங்க வீட்டுக்கு வரணும் சார்" என்றாள் நீலாபாய். "மேடமும் வரேன்னுட்டாங்க. நல்லா புளிக்கப் புளிக்க எலுமிச்சை பிழிஞ்சு லிம்பு சாய் போடறேன்."

ஊழியர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராமல் இருப்போமா?" என்றார் ஜம்புநாதன்.