இருபத்தோரு சுற்று

"நான் வர்றதுக்குள்ள யாரு ஆரம்பிச்சது?"

சுமேதா பாபட் உதறிய வேகத்தில் ஒரு செருப்பு சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. பந்தலில் கணபதி ஸ்தோத்திரம் பாதியில் நின்றது. இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

புனேயில் பன்னிரண்டு விநாயக சதுர்த்திகளை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தே கழித்தவள் அவள். முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்படி போனில் வந்த முதல் அழைப்பு இது. இன்று பேர் கிடைத்தால்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். அதற்குள் வேறொருத்தி கையில் மைக்!

"சும்மா மூணு சுற்று சொல்லிட்டு..." என்று இழுத்தாள் மைக் வைத்திருந்த வைஜயந்தி.

"பிள்ளையார்கிட்டயே கஞ்சத்தனமா? இருபத்தொண்ணு! நகரு."

நகர்ந்தாள்.

ஐந்தாவது சுற்றில் யாரோ பழக்கதோஷத்தில் பலன் சொல்லும் சுலோகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"அதைக் கடைசிச் சுற்றுல மட்டும்தான் சொல்லணும்! சொன்னா முடிஞ்சதா அர்த்தம். முதல்லேர்ந்து ஆரம்பிங்க!"

"காக்கூ, மோதகம் ஆறுது..." என்று மராத்தியில் சித்தி முறை வைத்துக் கெஞ்சினாள் ஒருத்தி.

"ஆறட்டும்! என் வயிறுதான் எரியுதே!"

இனி எண்ணிக்கை தவறக் கூடாது என்று சுமேதா, வைஜயந்தியின் கையில் இருபத்தோரு அருகம்புல்லைக் கொடுத்தாள். சுற்றுக்கு ஒன்றாகப் பிள்ளையார் காலடியில் வைக்க வேண்டும். எட்டாவது சுற்றில் சுமேதா முறைத்த முறைப்பில் வைஜயந்தி பதறி, மிச்சப் புல்லையும் மொத்தமாக வைத்துவிட்டாள்.

"ஒரு புல்லு வைக்கக்கூடத் தெரியாதா உனக்கு? முதல்லேர்ந்து!"

ஓரமாக நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மதியம் இரண்டு மணிக்கு இருபத்தோராவது சுற்று முடிந்தபோது பாதிப் பேருக்குக் குரலே இல்லை. சுமேதாவுக்குக் கோபம் மட்டும் இன்னும் கணீரென்று இருந்தது.

வைஜயந்தி கைகூப்பினாள். "காக்கூ, இதையெல்லாம் உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதீங்க."

"எந்த மாப்பிள்ளை? எனக்குப் பொண்ணே கிடையாது!"

"அப்போ... இன்னிக்கு வர்றதாச் சொன்ன எங்க பந்தல் தலைவரோட மாமியார் நீங்க இல்லையா? நீங்க போட்ட அதட்டல்ல நாங்க..."

"மாமியாராவது மண்ணாங்கட்டியாவது! சுமேதா பாபட்! இந்தப் பேரை நல்லா ஞாபகம் வச்சுக்கோ!"

அப்போதுதான் டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார்.

"அது நீங்கதானா? அடுத்த சந்துப் பந்தல்ல நாப்பது பேர் காலையிலேர்ந்து காத்திருந்துட்டு, இப்பத்தான் அந்தப் பேரைத் திட்டிக்கிட்டே கலைஞ்சு போனாங்க."