துடியலூர் கண்ட குழாயடிப் புரட்சி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. பிறகு ‘நவ்யம்’ வந்தது.

நவ்யம் என்பது ஒரு புதிய ஸ்மார்ட்போன் தளம். உலகத்துப் போன்களையெல்லாம் இரண்டே கம்பெனிகள் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், மூன்றாவதாகத் துணிந்து இறங்கியது. அதன் வளர்ச்சியில் துடியலூர் ஆற்றிய பங்கை வரலாறு குறித்துவைக்கத் தவறலாம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கிருபாசங்கர். சுதந்திர மென்பொருள் உருவாக்குநர். ‘சுதந்திர’ என்றால் வேலையை விட்டுவிட்டவன் என்று பொருள். ‘கிருபா குளோபல்’ நிறுவனத்தின் நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, மழை வந்தால் கொடியிலிருந்து துணி எடுப்பவர் ஆகிய பொறுப்புகளை வகித்தேன். தலைமை அலுவலகம் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறை. என் மனைவி சண்முகப்பிரியா பீளமேட்டில் ஒரு ஐ.டி. அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். அவளை என் நிறுவனத்தின் ‘முதன்மை முதலீட்டாளர்’ என்று வெளியில் குறிப்பிடுவேன். வீட்டுக்குள் குறிப்பிடத் துணிவு வந்ததில்லை.

பழைய தளங்களிலும் முயன்றவன்தான். டார்ச் செயலி ஒன்று செய்தேன். அங்கே ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த டார்ச் செயலிகளின் வெளிச்சத்தில் என்னுடையது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நவ்யத்தில் அந்த நெரிசல் இல்லை. நெரிசல் மட்டுமல்ல, ஆளே இல்லை. எனக்கு அது பெரிய வசதியாகத் தோன்றியது.

அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டலில் நவ்யத்தின் ‘உருவாக்குநர் சங்கமம்’ நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. நிறைத்தவர்கள் பஸ் வைத்து அழைத்து வரப்பட்ட கல்லூரிப் பிள்ளைகள். மேடையில் வம்சி. ஹைதராபாத்காரர், ‘உருவாக்குநர் உறவுகள்’ துறையின் தலைவர். “இங்க எத்தனை பேர் டெவலப்பர்?” என்று கேட்டார். நான் கை தூக்கினேன். பின்வரிசையில் இன்னொரு கை எழுந்தது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்பதற்காக.

கூட்டம் முடிந்ததும் வம்சி நேராக என்னிடம் வந்தார்.

“கிருபா காரு, உங்களை மாதிரி ஆளுக்காகத்தான் நவ்யம்!”

ஸ்கூட்டர் மட்டுமே வைத்திருந்த என்னை அதுவரை யாரும் ‘காரு’ என்று அழைத்ததில்லை. நெகிழ்ந்துபோனேன். ஆனாலும் ஒரு கவலை இருந்தது.

“இந்தப் போனை வாங்க ஜனம் வருமுங்களா?”

“நல்ல ஆப் இருந்தா வருவாங்க.”

“நல்ல ஆப் எப்ப வருமுங்க?”

“ஜனம் வந்தா வரும்.”

“அப்ப யாராச்சும் ஒருத்தர் மொதல்ல வரோணுமுங்களே?”

“அதான் வந்துட்டீங்களே!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு தெளிவான வணிகத் திட்டத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. இரண்டு நவ்யம் போன்களும் ஒரு டி-ஷர்ட்டும் கொடுத்து அனுப்பினார்.

என் பழைய போனை அன்றைக்கே தலைமுழுகினேன். பிரியா புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதுல வாட்ஸப் இருக்குதுங்களா?”

“வரும் பிரியா.”

“பணம் அனுப்பறதுக்கு?”

“அதும் வரும்.”

“கேஸ் புக் பண்றதுக்கு?”

“வரும்னு சொல்லியிருக்கறாங்க.”

“நம்ம தெருக் குழாயில தண்ணி வர்ற மாதிரின்னு சொல்லுங்க. வரும், எப்பன்னுதான் தெரியாது. எந்நேரமும் பிளாட்பாரம் பிளாட்பாரம்னு பேசறீங்க. கடைசியில குடும்பத்தோட அங்கதான் போய் நிக்கப் போறோம்.”

அவள் திட்டினாள். எனக்கோ அதில் ‘தெருக் குழாய்’ மட்டும் காதில் விழுந்தது. மகத்தான செயலிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். காலையிலும் வரும், மத்தியானத்திலும் வரும். வந்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. முனைவீட்டு மயிலாத்தாள் அக்கா. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். மாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்பதால் குழாயைத் திறந்தே வைத்திருப்பார். முதல் சொட்டு விழுந்ததும் வாசலுக்கு வந்து, “தண்ணி உட்டுட்டாங்கோ!” என்று ஒரு குரல். தெருக்கோடி வரை கதவுகள் திறக்கும். அந்த நம்பிக்கையில் வேறு யாரும் குழாய்ப் பக்கமே திரும்புவதில்லை.

பதிவு செய்தல் இல்லை, கடவுச்சொல் இல்லை, விதிமுறைகளை ஏற்கிறேன் என்று அமுக்குவது இல்லை. முழுக்க முழுக்க ‘ஒழுங்குபடுத்தப்படாத துறை’. இதை நவீனப்படுத்துவது என் கடமையாயிற்று.

‘குழாயடி’ என்று செயலிக்குப் பெயர் வைத்தேன். தண்ணீர் வந்ததும் யாராவது ஒருவர் அதிலுள்ள பெரிய நீலப் பொத்தானை அமுக்க வேண்டும். உடனே தெருவிலுள்ள எல்லா நவ்யம் போன்களிலும் மணி அடிக்கும். ‘நவ்யம்’ என்ற சொல்லை அழுத்தி வாசிக்க வேண்டாம்.

நவ்யத்தின் ஒப்புதல் குழு முதலில் அதை நிராகரித்தது. “தண்ணீர் வரும் என உறுதியளிக்கும் செயலிகளை எங்கள் கொள்கை அனுமதிப்பதில்லை” என்று பதில் வந்தது. ‘தண்ணீர் வரலாம்’ என்று திருத்தி அனுப்பினேன். ஒப்புதல் கிடைத்தது. ஒரே வாரத்தில் ‘வாழ்க்கைமுறை’ பிரிவில் குழாயடி முதலிடம் பிடித்தது. இரண்டாமிடத்தில் ஒரு திசைகாட்டி இருந்தது. மூன்றாமிடம் காலியாக இருந்தது.

மீதமிருந்த இன்னொரு போனை மயிலாத்தாள் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தண்ணி வந்தா இந்த நீலத்தை அமுத்துங்கக்கா. கத்தவே வேண்டாம்.”

“அமுத்துனா?”

“தெருவுக்கே தெரிஞ்சுபோகும்.”

“எல்லார்த்துக்குமா கண்ணு?”

“எல்லார்த்துக்கும்.”

‘தெரிஞ்சுபோகும்’ என்பது எதிர்காலம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அக்கா நிகழ்காலமாக எடுத்துக்கொண்டார்.

“நீ நல்லா இருப்ப சாமி. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாப் போச்சு. டாக்டரு சத்தம் போட்டுப் பேசவே கூடாதுங்கறாரு. தெருவுக்கே ஆப்பு வச்சுப்போட்டியே!”

நான் அதை வாழ்த்தாகவே ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த சில நாட்களில் பீளமேட்டில் நவ்யத்தின் பெருவிழா. அதில் குழாயடியை மேடையில் காட்டவேண்டும் என்று வம்சி அழைத்திருந்தார். கிளம்பும்போது எதிர்வீட்டு ராமுலு அண்ணன் வாசலில் காலிக் குடங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் பேத்திக்குக் காதுகுத்து. உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

“இன்னைக்குத் தண்ணி உட்டுருவாங்க தம்பி. மயிலாத்தா கூப்புட்டதும் புடிச்சுப்போடலாம்” என்றார்.

அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு நேரமாகிவிட்டது. டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மேடையில் என் போனைப் பெரிய திரையுடன் இணைத்திருந்தார்கள். ‘குடிமக்களும் குழாயும்’ என்ற தலைப்பில் நான் பேசிக்கொண்டிருந்தபோது, அரங்கமே அதிரும்படி மணி அடித்தது. திரை முழுக்க நீலம். ‘மயிலாத்தாள்: தண்ணீர் வந்துவிட்டது.’

“லைவ் டெமோ!” என்று வம்சி மேடையில் ஓடி வந்து கத்தினார். கைதட்டல் நிற்கவேயில்லை.

ராமுலு அண்ணனின் குடங்கள் ஒரு கணம் கண்முன் வந்தன. துடியலூரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் மயிலாத்தாள் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பீளமேட்டில் முன்பின் தெரியாத ஓர் அரங்கத்துக்கே தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் போன் திரையில் இருந்தது. திரையில் என் பெயர் இருந்தது. பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

தெருவே என் வீட்டு வாசலில் நின்றது. ராமுலு அண்ணன் முன்னால் நின்றார்.

“தண்ணி வந்துச்சாமா தம்பி?”

“வந்துச்சுங்கண்ணா. எனக்கு உடனே தெரிஞ்சுது.”

“எங்களுக்குத் தெரியலயே?”

“ஆப் எறக்கியிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க.”

“எங்க போன்ல அது வராதாமா?”

“போனை மாத்தோணுமுங்க.”

ராமுலு அண்ணன் நல்ல மனிதர். கை நீட்டவில்லை. என் கோப்பையை வாங்கி உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “இதுல எத்தனை கொடம் புடிக்கும் தம்பி?” என்று மட்டும் கேட்டுத் திருப்பித் தந்தார்.

மயிலாத்தாள் அக்கா மெல்லிய குரலில், “நான் மறுபடி மறுபடி அமுத்துனேன் கண்ணு. ஒருத்தரும் வெளிய வரல. எல்லாரும் ஊட்டுக்குள்ள புடிச்சுட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். எல்லார்த்துக்கும்னு சொன்னியே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மாவுக்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் காதுகுத்து வீட்டுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் கடைகளுக்கு மாவு போகவில்லை. அடுத்த பதிப்பில் இது சரிசெய்யப்படும் என்று அவரிடம் தெரிவித்தேன்.

வேலை முடிந்து வந்த பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“தப்பு எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சீங்களா?”

“சர்வர்ல இல்ல, பிரியா.”

“தெரியுமுங்க. அது டி-ஷர்ட் போட்டுட்டு எம்முன்னால நிக்குது.”

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நவ்யம் முடிந்தது. வம்சி போனில் அதை மறுத்தார். “மூடல கிருபா காரு, கவனத்தை மறுசீரமைக்கிறோம். இனிமே போன் இல்ல, கண்ணாடி. மூக்குல மாட்டினா ஆப் கண் முன்னாலயே ஓடும். உங்களுக்கு மொதல் இடம் ஒதுக்கியிருக்கேன்.”

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வேறு பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது. பழையபடி குரல் கொடுக்கச் சொல்லித் தெரு கேட்டபோது, இனி முடியாது என்று மயிலாத்தாள் அக்கா சொல்லிவிட்டார். தொண்டை இப்போதுதான் ஆறி வருகிறதாம். பகலில் வீட்டிலேயே இருப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தது. ராமுலு அண்ணன் என் பெயரை முன்மொழிந்தார். பிரியா வழிமொழிந்தாள். எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது என்பதால் குறிப்பில் ஏறவில்லை.

இப்போது தண்ணீர் வந்தால் நான்தான் கத்துகிறேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை; இரண்டாம் தடவை தெருக்கோடிவரை கதவுகள் திறந்தன. செயலி எழுதி எனக்குக் கிடைக்காத பயனர்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள்.

போன வாரம் வம்சி மறுபடி அழைத்தார். “கண்ணாடியோட வெப்சைட்டுக்கு ஒரு வரி தாங்க, கிருபா காரு. எங்களால உங்க தெருவுக்கு என்ன ஆச்சுன்னு.”

வாழ்க்கையில் ஒருமுறையாவது உண்மையை எழுதுவோம் என்று எழுதி அனுப்பினேன்: ‘இவர்கள் வருவதற்கு முன்பு, தண்ணீர் வந்தால் எங்கள் தெரு முழுவதற்கும் உடனே தெரிந்துவிடும்.’

நேற்று அது வெளியாகியிருக்கிறது: ‘தண்ணீர் வந்தால் எங்கள் தெரு முழுவதற்கும் உடனே தெரிந்துவிடும். - கிருபாசங்கர், தலைமைச் செயல் அதிகாரி.’

கடுமையாக ஒரு மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வரிக்குப் பக்கத்தில் என் படம் போட்டிருந்தார்கள். படம் நன்றாக விழுந்திருந்தது. எழுதவில்லை.