மாப்பிள்ளை சொன்னபடி நான் கார் பழகிய விவரம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் காரின் இடது பக்கக் கண்ணாடிக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. வெளியூரில் நீங்களும் நலமாக இருந்து, லீவு கிடைத்துச் சீக்கிரம் வந்து சேர வேண்டும். போனிலேயே சொல்லலாம்தான். நான் ஒரு வரி சொல்வதற்குள் உங்கள் அத்தை மூன்று வரி திருத்துகிறாள், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வருவதற்குள் மகளுக்கு வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று நீங்கள் கலங்கியபோது, "நான் இருக்கேன்ல மாப்பிள்ளை" என்று ஐம்பத்தாறு வயதில் வாயைக் கொடுத்தவன் நான். நீங்களும் சிரிக்காமல் கார் சாவியைக் கொடுத்து, டிரைவிங் வகுப்பில் சேர்த்து, புரியாததைக் கேளுங்கள், கற்றதை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள், வீட்டிலும் பழகுங்கள் என்றீர்கள். ஒன்றையும் விடவில்லை. முதல் நாள் நான் கேட்ட கேள்விகளில் வண்டி நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. வீட்டில் நாற்காலி, ஸ்டியரிங்குக்குச் சாப்பாட்டுத் தட்டு, காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று செருப்பு. வரிசையாக அடுக்கியது உங்கள் அத்தை. எனக்கு எதிரே நின்றுகொண்டு, அவளுடைய இடது கைப்பக்கத்திலிருந்து! ஒரு வாரம் தலைகீழாகப் பழகிவிட்டு வகுப்புக்குப் போய் கிளட்ச் என்று எதையோ மிதிக்க, வண்டி உறுமிய உறுமலில் தெருவே திரும்பிப் பார்த்தது. சொல்லிக்கொடுக்கும் அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "பிரேக் நடுவுல இருக்கறதால பொழைச்சோம் சார்" என்றார்.

தங்கமான மனுஷி. "உங்களுக்கு எதுல சார் பயம்?" என்று ஒருநாள் கேட்டார். பின்னால் மகள் வலியில் கத்தினால் கை கால் ஓடாது என்றேன். மறுநாள் முதல் உங்கள் அத்தையைப் பின்சீட்டில் ஏற்றிவைத்துவிட்டார். நான் வருவதற்கு முன்பே அவள் தயாராக உட்கார்ந்திருப்பாள். வண்டி கிளம்பியதும், "ஐயோ, அம்மா, சீக்கிரம் போங்களேன்" என்று போடும் கூச்சலில் ஒரு போலீஸ்காரர் விசிலடித்து எங்களுக்கு வழி விட்டார். இறங்கி நன்றி சொல்லவா முடியும்? இப்படிப் பழகித்தான் நேற்று தேர்வில் பாஸானேன். இனி எந்தக் கூச்சலுக்கும் நான் அசைய மாட்டேன். என்னை நம்பிச் சாவி கொடுத்த உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்? கவலையை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், எங்கும் நின்றுபோகாமல், மேலே மேலே போக ஆசீர்வதிக்கும்,
மாமா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் வலி வந்து, பேத்தியும் வந்துவிட்டாள். தாய்க்கு முக்கால் மணி நேரம் முன்னால் தாத்தா எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார் என்று போனில் கேட்டீர்கள். டிராபிக் என்றேன். பொய். மகளின் பையைப் பின்சீட்டில் வைத்தேன், நோட்டில் உள்ளபடி பெல்ட், கண்ணாடி, சிக்னல் எல்லாம் பார்த்தேன். கண்ணாடியில் பின்பக்கச் சாலை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. பின்னால் சத்தமே இல்லை. அம்மாவைவிட மகள் பொறுமைசாலி என்று வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால் பை மட்டும் இருந்தது. அம்மாவையும் மகளையும் அந்தத் தங்கமான மனுஷிதான் வகுப்பு வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். என் நோட்டை வாங்கி, முதல் வரிக்கும் மேலே, "ஆளை ஏற்றவும்" என்று எழுதிக் கொடுத்தார். நாளை மூவரையும் வீட்டுக்கு அழைத்து வருவதும் நான்தான். உங்கள் அத்தை சொல்லிவிட்டாள்: "நாங்க முதல்ல ஏறி உக்காந்துக்கறோம். அப்புறமா உங்களைக் கூப்பிடறோம்."