முப்பதாவது ஆதாரம்

உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவருக்கு அடுத்தபடியாக மனிதகுலம் கடமைப்பட்டிருப்பது நமது சமூகவியல் பேராசிரியருக்குத்தான். திருநங்கைகளுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்பதை அவர் எட்டே வருடங்களில் ‘கண்டுபிடித்தார்’. எந்த வீட்டுத் தரகரைக் கேட்டாலும் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார்தான். ஆனால் தரகருக்கு அடிக்குறிப்பு போடத் தெரியுமா?

முப்பது பேரில் இருபத்தொன்பது பேரைப் பேட்டி கண்டாகிவிட்டது. முப்பதாவது ஆள், கல்லூரிக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த கோட்டு அக்கா. கோட்டு தைப்பதில் அந்தத் திருநங்கையை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் வந்த பெயர். நூல் வெளியீட்டு விழாவுக்குப் பேராசிரியருக்கும் ஒரு கோட்டு வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அக்காவுக்கோ கை வேலையில், மனசு வேறெங்கோ. ஒன்பது வருஷமாகக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா காலமாகி, மகன் வீட்டை விற்றுவிட்டான். சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். இன்று வியாழன். பேராசிரியர் வீட்டு மாடியில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குவதைக் காலையில்தான் பார்த்திருந்தாள்.

பாதி தைத்த கோட்டுக்குள் நின்றபடி பேராசிரியர் வினாத்தாளைப் புரட்டினார். அது முதலில் வருத்தத்தைக் கேட்கும், சம்பவத்தைப் பிறகுதான்.

“கேள்வி பதினாறு. வீடு மறுக்கப்படும்போது உங்க உணர்வு என்ன? வருத்தம், மிகுந்த வருத்தம், சொல்ல முடியாத வருத்தம்.”

“கோபம் வராதா சார்?”

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“சரி, கையைத் தூக்குங்க.”

தூக்கினார். “கேள்வி பதினேழு. திருநங்கைங்கிறதால உங்களுக்கு யாராவது வீடு மறுத்திருக்காங்களா?”

“இல்ல சார்.”

தூக்கிய கை அப்படியே நின்றது. “நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. ஒருத்தர்கூடவா?”

“முதல்ல கேட்ட வீடே கிடைச்சுது. ‘மத்தியானம் நான் தூங்குறப்ப மிஷினை ஓட்டாதே’ன்னாங்க அந்தம்மா. அவ்வளவுதான்.”

பேராசிரியர் இடிந்துபோனார். ‘நூறு சதவீதம்’ என்று நூலின் அட்டையிலேயே அச்சாகிவிட்டது. இவள் ஒருத்தியால் தொண்ணூற்றாறு புள்ளி ஏழு! அறிவுலகம் எத்தனை சோதனையைத்தான் தாங்கும்?

அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். “சார், உங்க மாடி காலியா இருக்கே. எனக்குக் குடுங்களேன். நானும் மிஷினும்தான்.”

“எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. எதிர்வீட்டுக்காரங்கதான்...”

“அது உங்க தம்பி வீடுதானே சார்?”

“அதைத்தான் சொல்றேன், குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல! அதோட, ஆராய்ச்சி பண்றவன் உங்க வாழ்க்கையில தலையிடக் கூடாது. நெறிமுறை!”

“அப்ப கிடையாதா?”

“கிடையாதும்மா. வலியோட சொல்றேன்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் முகம் மலர்ந்தது. பேனா வெளியே வந்தது.

“இப்ப பதினேழுக்கு ‘ஆம்’னு போட்டுக்கலாம்ல?”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “தாராளமா. பதினெட்டை நானே எழுதுறேன், குடுங்க.”

‘மறுத்தவர் யார்?’ என்ற இடத்தில் அவர் பெயரைக் கதவிலக்கத்தோடு முத்து முத்தாக எழுதினாள்.

“ஐயையோ, பேரெல்லாம் போடக் கூடாதும்மா. ரகசியம் காக்கணும்!”

“யாரோட ரகசியம் சார்?”

அவர் அதை அடித்துவிட்டு, ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

சனிக்கிழமை, கல்லூரி அரங்கில் விழா. கோட்டு கனகச்சிதம். ‘நூறு சதவீதம்’ என்றதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அதே நேரம் எதிர்க்கடையில் கோட்டு அக்கா, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீளம் ஐந்தடி. அவள் உயரம் ஐந்தே முக்கால்.

பேராசிரியரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. மற்ற இருபத்தொன்பது பேருக்கும் வீடு மறுக்க ஊரார் இருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டால் போதுமாயிருந்தது. முப்பதாவது ஆளுக்குத்தான், பாவம், அவரே மறுக்க வேண்டியிருந்தது.