ஐந்நூறு கஜத்தில் ஒரு டிங்

சத்தம் பிடிக்காது என்பதற்காகவே துப்பாக்கி வாங்கிய ஒரே மனிதர் டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் எங்கள் மூணு செகண்ட் அண்ணன்தான். இதை மறுப்பவர்கள் தாராளமாக வாதாட வரலாம். நான் உட்கார்ந்தபடி கேட்டுக்கொள்வேன். நின்று வாதாடும் தெம்பெல்லாம் எனக்குப் போய் வெகுநாளாகிறது.

அண்ணன் தூத்துக்குடிக்காரர். காப்பெல் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர்த் தெருவில் சொந்த வீடு. டேட்டாபேஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் பாடுவார். சிட்டிசன்ஷிப் வந்த மறுவாரம் மற்றவர்கள் எல்லாம் ஐரோப்பாவுக்கு டிக்கெட் போடுவார்கள். இவர் ஒல்லியாக ஒரு ரைபிள் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வேக்குவம் கிளீனர் வாங்கியிருந்தா வீடாவது சுத்தமாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

பெயர் வந்த கதை இது. ஒரு பிறந்தநாள் விழாவில், பிரியாணி தட்டோடு நின்ற என்னை அண்ணன் ஓரமாக மடக்கினார்.

"சாதாரண குண்டு சத்தத்தை விட வேகமாப் போவும்வே. அதனாலதான் வானமே கிழியுத மாதிரி ஒரு வெடிப்பு. நம்ம குண்டு சத்தத்தை விட மெதுவாப் போவும். கொசு அடிச்ச மாதிரி ஒரு 'பட்'. அவ்வளவுதான்."

"சரிண்ணே. பிரியாணி ஆறுது."

"கேளும். ஐந்நூறு கஜத்துல ஒரு இரும்புத் தட்டு தொங்குது. நீரு சுடுதீரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. அங்கேருந்து 'டிங்'னு வரும். அந்த மூணு செகண்டு இருக்கு பாரும், அதுல உமக்கு மானேஜர் கிடையாது, வீட்டு மார்ட்கேஜ் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

அன்றிலிருந்து அவர் மூணு செகண்ட் அண்ணன். இதில் ஒரு விசேஷம், அந்த டிங்கை அதுவரை அவரே கேட்டதில்லை. முன்னூறு கஜத்தில் கேட்டிருக்கிறார். நானூறில் இரண்டு தடவை. ஐந்நூறில் ஒரு தடவைகூட இல்லை.

மெதுவாகப் போகிற குண்டுக்குத் தொலைவு ஒத்துவராது. போகும் வழியிலேயே சோர்ந்து தரையைத் தேடும். என்னைப் போல. அதனால் குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் நாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவர் பிடித்த கோணத்தைப் பார்த்து, அங்கே மேற்பார்வைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஓடி வந்து, "பறவை சுட இங்கே அனுமதியில்லை" என்றார். அண்ணன் அவரை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கணக்கு விளக்கினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

காற்று பார்ப்பது அடுத்த கூத்து. அக்காவின் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் ஒரு பிடி ஊதிவிடுவார். எந்தப் பக்கம் பறக்கிறதோ அது காற்று. பக்கத்து மேஜைகளில் தாடியும் தொப்பியுமாக, தோள் உயரத் துப்பாக்கிகளோடு இருந்தவர்கள் எல்லோரும் பத்து மணிக்குள் மல்லிகைப்பூ வாசனையோடு இருப்பார்கள்.

நான் ஏன் போனேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் நான். விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொட்டால் சட்டத்தில் ஆயிரம் வில்லங்கம். ஆகவே நான் தொட்டதே இல்லை. என் வேலை டெலஸ்கோப்பில் பார்ப்பது. குண்டு விழுந்த இடத்தில் புழுதி எழும்பும். "இடது பக்கம், ரெண்டடி" என்று சொல்ல வேண்டும். என் மனைவியோ, "வீட்ல இருந்தா லேப்டாப்பத்தான் பாப்ப. அவர்கூட போய் கொஞ்சம் வெயிலாவது பட்டுட்டு வா" என்று தள்ளிவிடுவாள். ஒன்றரை மணி நேரக் கார் பயணம். இரண்டு வருடச் சனிக்கிழமைகள். புழுதியைத் தவிர ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

அந்த ஜூலை சனிக்கிழமைக்கு வருகிறேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ். எங்கள் டீமில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மீதிப் பாதி, போனவர்களின் வேலையையும் செய்துகொண்டு, அடுத்தது யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாளில் நான் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும். வெயில் நூற்றைத் தாண்டிவிட்டது. டெலஸ்கோப்பில் தட்டு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. அண்ணன் அன்றைக்கு எண்பது குண்டு சுட்டிருப்பார். 'கிளம்பலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை.

இன்னொரு 'பட்'. ஒன்று. இரண்டு. மூன்று.

"டிங்!" என்றேன் நான்.

அண்ணன் மெல்லத் திரும்பினார். "என்னவே சொன்னீரு?"

"கேட்டுச்சுண்ணே. ஹிட்."

"எனக்குக் கேக்கலியே."

"காதுல இயர்மஃப் போட்டிருக்கீங்க. எனக்கு நல்லா கேட்டுச்சு. தட்டுகூட ஆடுச்சு."

தட்டு ஆடியது என்பது தேவையில்லாத சேர்க்கை. ஆனால் பொய்க்குத் தூக்கம் வந்துவிட்டால் அதற்குத் தன் அளவு தெரிவதில்லை. அண்ணன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் சட்டை முழுக்க வியர்வையும் பவுடரும். கண்ணில் தண்ணீர். பிறகு ரேஞ்சில் எல்லோரும் துப்பாக்கிகளைக் கீழே வைத்த இடைவேளையில், தட்டைக் கழற்றி வருவதாகச் சொல்லித் தனியாக நடந்து போனார். நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன்.

விழித்துப் பார்த்தால் வீடு வந்திருந்தது. அதற்குள் என் மனைவி அக்காவிடம் போனில் பேசியிருக்கிறாள், அக்கா பாட்டுக் குழுவிடம் பேசியிருக்கிறார். எல்லாம் நான் ரேஞ்சிலிருந்து அனுப்பிய ஒரே மெசேஜால் வந்த வினை: 'அண்ணன் அடிச்சிட்டார். வரோம்.'

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வீட்டில் நாற்பது பேருக்கு விருந்து. கேக்கில் துப்பாக்கி வரைய மாட்டேன் என்று பேக்கரிக்காரர் சொல்லிவிட்டதால், வெறும் தட்டை வரைந்து வாங்கியிருந்தார்கள். பார்க்க நன்றாகச் சுட்ட அப்பளம்போல் இருந்தது. எல்லோரும் சாட்சியைப் பேசச் சொன்னார்கள். சாட்சி நான். டிங் எப்படிக் கேட்டது என்று மூன்று தடவை வாயால் செய்து காட்டினேன். ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். அண்ணன் மூலையில் நின்று, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் வரவில்லை. இது போதாதென்று ஆபீஸ் கவலை வேறு. பத்து நாள் பொறுத்தேன். ஒரு சாயங்காலம் மளிகைக் கடை வாசலில் அவர் காரில் ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு டிங் கேக்கல. தட்டும் ஆடல. எனக்கு வீட்டுக்குப் போணும்னு இருந்துச்சு, அதான் சொல்லிட்டேன். சாரிண்ணே."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். நான் எண்ணினேன். மூன்றைத் தாண்டிப் பதினொன்று வரைக்கும் போனேன்.

"தெரியும்வே" என்றார்.

"என்னண்ணே தெரியும்?"

"காலைல தட்டுக்குப் புதுசா வெள்ளை பெயிண்ட் அடிச்சிருந்தேன்லா. பட்டா கருப்பாத் தடம் விழும். போயிப் பாத்தேன். பால் மாதிரி இருக்கு. ஒரு புள்ளி இல்ல."

"அப்போ பார்ட்டி? கேக்கு? நாப்பது பேர்?"

"நான் காருக்கு வந்தா நீரு செத்த மாதிரித் தூங்குதீரு. எழுப்ப மனசு வரல. வீட்டுக்கு வந்தா உம்ம மெசேஜு ஊரெல்லாம் சுத்தியாச்சு. நான் இல்லன்னு சொன்னா, அத்தனை பேரு முன்னால நீருல்லா பொய்யன் ஆயிருவீரு? எனக்கு என்னவே, நான் ரெண்டு வருசமா அடிக்காதவன்தானே. அடிச்சதா நாலு பேரு நினைச்சா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிறாது."

அவர் பின் சீட்டிலிருந்து முருங்கைக்காய்க் கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "இத அக்கா உங்க வீட்டுக்குக் குடுக்கச் சொன்னா. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அலுப்பா இருந்தா அலுப்பா இருக்குன்னு சொல்லும். நான் உம்ம மானேஜரா?"

அடுத்த சனிக்கிழமை நான்தான் போன் பண்ணி, "வரேண்ணே, ஆனா ரொம்ப டயர்டா இருக்கு" என்றேன். அப்படி ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி எத்தனை வருடம் ஆயிற்றோ. ரேஞ்சுக்குப் போனால், அண்ணன் காரின் டிக்கியிலிருந்து ஒரு சாய்வு நாற்காலியையும், கடற்கரையில் நடுகிற மாதிரி ஒரு பெரிய குடையையும் இறக்கினார். "டெலஸ்கோப் வேண்டாம். படும்" என்றார். படுத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

எழுந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது. நான் படுத்தபோது கிழக்கே சாய்ந்திருந்த குடை இப்போது மேற்கே சாய்ந்திருந்தது. நட்ட கம்பைச் சுற்றி மண்ணில் நாலைந்து புதுக் குழிகள். என் முகத்தில் ஒரு பொட்டு வெயில் படவில்லை. அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழு வெயிலில், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மேஜையில் குண்டுப் பெட்டி அன்று காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரிக்கவே இல்லை.